அளவு ஜாக்கெட் இல்லாமலே அளவான ரவிக்கை!

தையல் கடையில் துணியைக் கொடுத்ததும் வருகிற முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்பதுதானே? நாமும் பீரோவைக் குடைந்து, இருப்பதில் சுமாராகப் பொருந்துகிற ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறோம். அதில் தோள் இறங்கியிருந்தால் புது ரவிக்கையிலும் இறங்கும். அதில் கைக்குழி பிடித்தால் இதிலும் பிடிக்கும். ஒரே குறை வருஷக்கணக்காக, பரம்பரைச் சொத்து மாதிரி ரவிக்கைக்கு ரவிக்கை வந்துகொண்டே இருக்கும்!

அதிலும் பிள்ளை பெற்ற பெண்கள் பாடு சொல்லி மாளாது. கல்யாணத்துக்குத் தைத்தது ஏழாம் மாதத்தில் உதவாது. ஏழாம் மாதத்தில் தைத்தது பால் கொடுக்கும்போது உதவாது. பால் மறக்கடித்த பிறகு எல்லாமே தொளதொளவென்று நிற்கும். பால் கொடுக்கும் நாட்களில் இறுக்கமான உடை மார்பை அழுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலியும் வீக்கமும் வரக்கூடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆகவே அளவான ரவிக்கை என்பது அழகுக்காக மட்டும் அல்ல, ஆரோக்கியத்துக்கும்தான்.

இதற்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டர்! "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் பள்ளிப் படிப்போடு நின்று அடுப்படிக்கு வந்தவள்தான். பையன் காலேஜ் முடித்து ஒதுக்கிப் போட்ட கம்ப்யூட்டரில் இதைப் பழகிக்கொண்டேன். கூட்டல், வகுத்தல் தெரிந்து, இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் உங்களாலும் முடியும்.

தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு

துணி வெட்டுகிற வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது இன்று நேற்றல்ல. அமெரிக்காவில் ஜோசப் கெர்பர் என்பவரின் கம்பெனி 1960-களின் கடைசியிலேயே கம்ப்யூட்டர் சொற்படி துணி வெட்டும் இயந்திரத்தைச் செய்துவிட்டது. பிரான்சில் லெக்ட்ரா கம்பெனி 1973-ல் தொடங்கியது. 2021-ல் கெர்பர் கம்பெனியையே லெக்ட்ரா வாங்கிக்கொண்டது. நம் திருப்பூரிலும் ஏற்றுமதிக்குத் தைக்கும் கம்பெனிகளில் இன்று பேட்டர்ன் வரைவது கம்ப்யூட்டரில்தான்.

ஆனால் அவர்கள் கணக்கு வேறு. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் தைப்பது அவர்கள் வேலை. நமக்கு வேண்டியதோ ஒரே ஒருத்திக்கு, அவள் உடம்புக்குத் தகுந்த ஒன்று. அதற்கு ஏற்ற புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் உபயோகிப்பது 'சீம்லி டூ-டி' என்பது. 'வாலண்டினா' என்ற புரோகிராமிலிருந்து கிளைத்து வந்தது இது. இரண்டுக்குமே காசு கிடையாது.

எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு பகுதி. ஒன்றில் உடம்பின் அளவுகளை எழுதி வைக்கிறோம். எந்த அளவுக்கு டேப்பை எங்கே பிடிக்க வேண்டும் என்று அதிலேயே படம் காட்டும். இன்னொன்றில் பேப்பர் கட்டிங் வரைகிறோம்.

வரையும்போதுதான் சூட்சுமம் இருக்கிறது. மார்பு 36 இன்ச் என்றால், கால் பாகம் 9, தளர்ச்சிக்கு அரை, ஆக 9½ என்று நாம் பேப்பரில் கோடு போடுவோம். கம்ப்யூட்டரில் 9½ என்று எழுதாமல், 'மார்புச் சுற்றளவை நாலால் வகுத்து அரை கூட்டு' என்று கணக்காகவே எழுத வேண்டும். தோள், கைக்குழி, டார்ட் எல்லாமே இப்படித்தான். நாளைக்கு மார்பு அளவு 40 என்று மாற்றினால், அந்தக் கோடு தானே 10½ ஆகிவிடும். கணக்காக எழுதிய மற்றக் கோடுகளும் அதோடு சேர்ந்து நகரும். எண்ணாக எழுதியது மட்டும் அப்படியே அசையாமல் நிற்கும். இதை மறக்கவே கூடாது.

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து நாலு மாதம். தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுத்திருந்தாள். புடவையோடு வந்த ரவிக்கைத் துணி இருப்பது ஒன்றுதான். தப்பாக வெட்டினால் கடை கடையாக அலைந்தாலும் அதே கரை, அதே கலரில் கிடைக்காது. "அக்கா, கத்தரி வைக்கவே பயமா இருக்கு" என்றாள். "முதல்ல அளவு எடுப்போம், வா" என்றேன்.

அளவு எடுத்தபோதுதான் அவளுடைய வலது தோள் இடதைவிட அரை இன்ச் இறங்கியிருப்பது தெரிந்தது. குழந்தை பெறுவதற்கு முன் தைத்த ஜாக்கெட்டுகளிலும் ஒரு பக்கம் சரிந்து விழுந்ததாம். இடது பக்கத்துக்கு ஒரு அளவு, வலது பக்கத்துக்கு ஒரு அளவு என்று தனித்தனியாக வரைந்தோம். பழைய வேட்டியில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பார்த்தாள். டார்ட் நுனியைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. ஒரு எண்ணை மாற்றி மறுபடி அச்செடுத்தோம். அதன் பிறகுதான் பட்டில் கத்தரி பட்டது. கல்யாணத்தன்று குழந்தைக்குப் பால் கொடுக்கவும் சௌகரியம், தோளும் சரியவில்லை!

மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட சகோதரிகளுக்கும் இப்படி இரு பக்கமும் தனித்தனியாக வரைவது பேருதவி. கடையில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுவதை வீட்டில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு அளவு எடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. டேப் பொய் சொன்னால் கம்ப்யூட்டரும் பொய்தான் சொல்லும். புடவைக்கு மேலே அளவு எடுக்காதீர்கள். தினமும் போடும் பாடியோடு, இன்னொருவரை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

2. பால் கொடுப்பவர்கள், பால் நிறைந்திருக்கும் வேளையில் அளவு எடுப்பது நல்லது. முன்பக்கம் திறப்பதாகவே வரையுங்கள்.

3. ரவிக்கையின் பாகங்கள் ஒரு சாதாரண ஏ4 தாளில் அடங்காது. பல தாள்களாக அச்செடுத்து ஒட்ட வேண்டும். வீட்டில் பிரிண்டர் இல்லாவிட்டால் பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடையில் கொடுக்கலாம். "தாளுக்கு ஏற்றபடி சுருக்க வேண்டாம், நூற்றுக்கு நூறு அளவில் எடுங்க" என்று கட்டாயம் சொல்லுங்கள். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே 36 இன்ச் ரவிக்கை 34-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஓரத்தில் 10 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து வைத்தால், தாள் வந்ததும் ஸ்கேலால் அளந்து சரிபார்க்கலாம்.

4. தையலுக்கு விடும் துணியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று தோன்றினால் பக்கவாட்டில் ஒரு இன்ச்சாவது விடுங்கள்.

5. துணியின் குணம் இந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. பருத்தித் துணியை நனைத்துக் காய வைத்த பிறகே வெட்ட வேண்டும். நூல் ஓடும் திசை பார்த்துப் பேப்பரை வைக்க வேண்டும். துணி உடம்பில் எப்படி விழும் என்று படமாகக் காட்டும் பெரிய புரோகிராம்களும் உண்டு. தென்கொரியாவின் 'க்ளோ' அப்படி ஒன்று. ஆனால் அதற்குப் பணம் கட்ட வேண்டும், நல்ல சக்தியுள்ள கம்ப்யூட்டரும் வேண்டும். நமக்குப் பழைய வேட்டி போதும்!

வீட்டிலிருந்தபடி தைத்துச் சம்பாதிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அளவுக் கோப்பு போட்டு வைத்துவிட்டால், ஒருமுறை வரைந்த ரவிக்கை எல்லாருக்கும் உதவும். ஆளை மாற்றினால் அளவு மாறும், அளவு மாறினால் படம் மாறும். ஆனாலும் அளவு எழுதிய நோட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துக்கொண்டால் அதுதான் துணை.

புதிதாகப் பழகுகிறவர்கள் எடுத்த எடுப்பில் ரவிக்கையில் இறங்க வேண்டாம். குழந்தைக்கு ஒரு ஜபலா வரைந்து பாருங்கள். டார்ட் இல்லை, கொக்கி இல்லை, கால் மீட்டர் மிச்சத் துணி இருந்தாலும் சமாளிக்கலாம். மூன்று மாதம் கழித்துக் குழந்தை வளர்ந்ததும் அளவை மட்டும் மாற்றி அதே ஜபலாவை மறுபடி அச்செடுங்கள். அந்தத் தாள் கையில் வந்ததும் உங்களுக்கே தைரியம் வந்துவிடும்.