15 சொல்லில் ஒரு பாஷை!

ஒரு மேஜை. அதைச் சுற்றி நான்கு பேர். எதிர் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஒவ்வொருவர் கையிலும் 13 சீட்டுகள்.

உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியும். கூட்டாளியின் சீட்டு தெரியாது. "என்னிடம் மூன்று ராஜா இருக்கிறது" என்று அவர் சொல்லக்கூடாது. கண் சிமிட்டக்கூடாது. பெருமூச்சு விடக்கூடாது. குரலை ஏற்றவோ, இறக்கவோ கூடாது.

ஆனாலும், இருவரும் பேசியாக வேண்டும்! இரண்டு கையையும் சேர்த்தால் எவ்வளவு பலம் என்று, சீட்டைக் காட்டாமலே கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 15. அவ்வளவுதான்!

ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏழு. கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேட் என்ற சீட்டு இனங்கள் நான்கு. 'துருப்பு இல்லை' என்பது ஒன்று. பாஸ், டபிள், ரீடபிள் என்பவை மூன்று.

இந்த 15 சொல்லை வைத்துக்கொண்டு, ஒரு பாஷையையே உண்டாக்கி இருக்கிறார்கள். ஒன்றல்ல, பல பாஷைகள்! அந்த ஆட்டத்தின் பெயர் 'காண்டிராக்ட் பிரிட்ஜ்'.

ஏறலாம், இறங்க முடியாது

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

நான்கு பேரும் ஆளுக்கு ஒரு சீட்டு போடுவார்கள். பெரிய சீட்டு போட்டவருக்கு அந்த நாலு சீட்டும் சொந்தம். அது ஒரு 'பிடி'. 13 சீட்டுக்கு 13 பிடி.

விளையாடுவதற்கு முன்பு ஏலம் நடக்கும். "ஒன்று ஸ்பேட்" என்றால், "ஸ்பேடைத் துருப்பாக வைத்தால் ஏழு பிடி எடுப்போம்" என்று அர்த்தம். சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். "நாலு ஆட்டின்" என்றால் பத்துப் பிடி.

அடுத்தவர் கேட்பது முந்தியதைவிட உயர்வாக இருக்க வேண்டும். கிளாவர் கீழே; அதற்கு மேல் டைமன், ஆட்டின், ஸ்பேட். எல்லாவற்றுக்கும் மேலே 'துருப்பு இல்லை'. ஆகவே, ஏலம் என்பது 35 படிகள் உள்ள ஒரு ஏணி. ஏறலாம், இறங்க முடியாது!

சொன்னபடி பிடி எடுத்தால் புள்ளி கிடைக்கும். குறைந்தால் அபராதம். 'துருப்பு இல்லை' என்றால் மூன்று, ஆட்டின் அல்லது ஸ்பேட் என்றால் நாலு, கிளாவர் அல்லது டைமன் என்றால் ஐந்து. இவ்வளவு கேட்டு ஜெயித்தால் 'கேம்' என்ற பெரிய பரிசு உண்டு. 12 பிடி, 13 பிடி கேட்டு ஜெயித்தால் 'ஸ்லாம்' என்ற மிகப்பெரிய பரிசு.

பயந்து கீழே நின்றால் பரிசு போய்விடும். துணிந்து அதிகம் ஏறினால் அபராதம் வந்துவிடும். எந்தப் படியில் நிற்பது? இதுதான் கேள்வி.

கப்பலில் பிறந்த ஆட்டம்

முன்பு 'ஆக்‌ஷன் பிரிட்ஜ்' என்ற ஆட்டம் இருந்தது. அதில் குறைவாகக் கேட்டுவிட்டு அதிகம் பிடித்தாலும், கேம் பரிசு கிடைத்துவிடும். ஏலத்தில் மூளையைக் கசக்க வேண்டிய அவசியம் அதிகம் இல்லை.

ஹெரால்டு வாண்டர்பில்ட் என்பவர் அமெரிக்கப் பெரும் பணக்காரர். பாய்மரப் படகுப் பந்தய வீரர். 1925-ம் ஆண்டு, 'பின்லாந்து' என்ற கப்பலில் பனாமா கால்வாய் வழியாகப் பயணம் செய்தார். அந்தப் பயணத்தில், நண்பர்களோடு புதிய விதிகளைப் போட்டு ஆடிப் பார்த்தார்.

"கேட்ட பிடிக்குத்தான் கேம் கணக்கில் புள்ளி. கேட்காமல் எடுத்தது அதில் சேராது" என்பது முக்கிய விதி. பிரான்சில் ஏற்கெனவே இருந்த யோசனை இது. அதோடு புதிய பரிசுகளையும் அபராதங்களையும் அவர் சேர்த்தார். ஆட்டம் காட்டுத்தீ போலப் பரவியது.

அன்று முதல், ஏலம்தான் ஆட்டத்தின் உயிர் ஆயிற்று.

40 புள்ளிக் கணக்கு

52 சீட்டில் 13 சீட்டு எத்தனை விதமாக வரலாம் தெரியுமா? 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600 விதம்! இத்தனையையும் 35 படியில் எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஆகவே, முக்கியமானதை மட்டும் சொல்ல வேண்டும். பலம் எவ்வளவு? எந்த இனம் நீளம்? இவை இரண்டும்தான் முக்கியம்.

பலத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏஸுக்கு 4 புள்ளி, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதும் சேர்த்து 40 புள்ளி. அமெரிக்காவில் மில்டன் ஒர்க் என்பவர் இதைப் பரப்பினார். சார்லஸ் கோரன் என்ற வக்கீல், 1949-ல் வெளிவந்த புத்தகத்தின் மூலம் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இரண்டு கையும் சேர்ந்து 26 புள்ளி இருந்தால் கேம் கேட்கலாம். 33 இருந்தால் 12 பிடி கேட்கலாம். 37 இருந்தால் 13 பிடியும் கேட்கலாம். கூட்டத் தெரிந்தால் போதும்!

கணவனும் மனைவியும்

எலி கல்பர்ட்சன் என்பவர், ருமேனியாவில் பிறந்த அமெரிக்கர். அவர் மனைவி ஜோசபின் சிறந்த ஆட்டக்காரி. ஏலத்துக்கு ஒரு முறை வகுத்து, 1930-ல் புத்தகம் போட்டார் கல்பர்ட்சன். புத்தகம் அமோகமாக விற்றது.

மற்ற நிபுணர்கள் சும்மா இருப்பார்களா? ஒன்றுகூடி, போட்டியாக வேறு ஒரு முறையை வெளியிட்டார்கள்.

"யார் முறை சிறந்தது? ஆடிப் பார்ப்போம்!" என்றார் கல்பர்ட்சன். அவரை எதிர்த்து சிட்னி லென்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் முன்வந்தார்.

1931-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, நியூயார்க் ஓட்டலில் போட்டி தொடங்கியது. மொத்தம் 150 'ரப்பர்'. இரண்டு கேம் எடுப்பவருக்கு ஒரு ரப்பர். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. தோற்றால் கல்பர்ட்சனின் பெயரும் போகும், பிழைப்பும் போகும்!

பெரும்பகுதி ஆட்டங்களில், கணவருக்கு எதிரே ஜோசபின் உட்கார்ந்தார். லென்சுக்குக் கூட்டாளி ஆஸ்வால்டு ஜாகோபி என்ற இளைஞர். அவர் துணிந்து கேட்பவர், லென்ஸ் நிதானமானவர். இருவருக்கும் கருத்து வேற்றுமை முற்றியது. போட்டி முடியும் முன்பே ஜாகோபி விலகிக்கொண்டார்! வேறு ஒருவர் அவர் இடத்துக்கு வந்தார்.

1932 ஜனவரியில் போட்டி முடிந்தது. கல்பர்ட்சன் தரப்புக்கு 8,980 புள்ளி அதிகம். வெற்றி!

முறை நல்லதா, கெட்டதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கூட்டாளிகள் இருவரும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் கொள்ளாவிட்டால், எந்த முறையும் காப்பாற்றாது.

நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு.

உங்கள் கூட்டாளி, "ஒன்று, துருப்பு இல்லை" என்கிறார். "15 முதல் 17 புள்ளி இருக்கிறது, எல்லா இனமும் ஓரளவு சமமாக இருக்கிறது" என்று அதற்குப் பொருள். எதிரிகள் பாஸ்.

உங்கள் கையில்:
ஸ்பேட் - ராஜா, ராணி, 7, 3.
ஆட்டின் - ஏஸ், 10, 8, 2.
டைமன் - 6, 2.
கிளாவர் - ஜாக்கி, 7, 5.

புள்ளியைக் கூட்டுங்கள். பத்து வருகிறதா? இருவருக்கும் சேர்த்து 25 முதல் 27. கேம் கேட்கலாம். ஆனால், எந்த கேம்?

டைமனில் உங்களிடம் பெரிய சீட்டு இல்லை. கூட்டாளியும் அதில் பலவீனம் என்றால், துருப்பு இல்லாத ஆட்டத்தில் எதிரிகள் டைமனாகப் போட்டுப் பிடிகளை அள்ளிவிடுவார்கள். ஸ்பேடோ ஆட்டினோ துருப்பாக இருந்தால், மூன்றாவது டைமனை வெட்டலாம். அதற்குக் கூட்டாளியிடமும் அந்த இனத்தில் நாலு சீட்டு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

விடை: "இரண்டு கிளாவர்!"

வியப்பாக இருக்கிறதா? உங்களிடம் கிளாவரே சரியாக இல்லையே! உண்மைதான். இங்கே 'இரண்டு கிளாவர்' என்பது ஒரு கேள்வி. "ஆட்டினிலோ ஸ்பேடிலோ நாலு சீட்டு உண்டா?" என்று அர்த்தம். "இரண்டு ஆட்டின்" என்று பதில் வந்தால், "நாலு ஆட்டின்" கேளுங்கள். "இரண்டு ஸ்பேட்" என்றால், "நாலு ஸ்பேட்". "இரண்டு டைமன்" என்றால், "இல்லை" என்று பொருள். "மூன்று, துருப்பு இல்லை" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு 'ஸ்டேமன் முறை' என்று பெயர். சாம் ஸ்டேமன் 1945-ல் இதைப்பற்றி எழுதினார். உண்மையில் யோசித்தவர் அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ராபே!

கேள்விக்கு ஏன் இந்தப் படியைத் தேர்ந்தெடுத்தார்கள்? அதுதான் அடுத்த படி. மிகத் தாழ்ந்த படி. அங்கே கேட்டால், பதில் சொல்ல மேலே நிறைய இடம் இருக்கும். ஏலமுறை வகுப்பவர்கள், கீழ்ப்படிகளைக் கஞ்சன் காசு செலவழிப்பது போலத்தான் செலவழிப்பார்கள்.

ஏஸ் எத்தனை?

ஈஸ்லி பிளாக்வுட் என்பவர் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி. 12 பிடி கேட்டபிறகு எதிரியிடம் இரண்டு ஏஸ் இருந்தால் ஆபத்து அல்லவா? இதற்கு 1933-ல் அவர் ஒரு வழி கண்டார்.

"நாலு, துருப்பு இல்லை" என்றால், "உன்னிடம் ஏஸ் எத்தனை?" என்று கேள்வி. "ஐந்து கிளாவர்" என்றால் ஒன்றும் இல்லை, அல்லது நாலும் உண்டு. "ஐந்து டைமன்" என்றால் ஒன்று. "ஐந்து ஆட்டின்" என்றால் இரண்டு. "ஐந்து ஸ்பேட்" என்றால் மூன்று.

அவர் கட்டுரையைப் பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது! ஆனால், ஆட்டக்காரர்கள் விடவில்லை. இன்று உலகம் முழுவதும் அவர் பெயர் சொல்லி ஆடுகிறார்கள். துருப்பு ராஜாவை ஐந்தாவது ஏஸாக எண்ணும் புதிய முறையும் இதிலிருந்து வந்ததுதான்.

ஆனால், இதில் ஒரு பள்ளம் உண்டு. துருப்பு கிளாவர், உங்களிடம் ஒரே ஏஸ் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்க, "ஐந்து டைமன்" என்று பதில் வருகிறது. அவரிடமும் ஒன்றுதான். மீதி இரண்டு எதிரியிடம். "ஐந்து கிளாவர்" என்று நின்றுவிடலாம் என்றால், அந்தப் படியைத் தாண்டிவிட்டீர்களே!

ஆகவே, கேள்வி கேட்கும் முன்பு, எந்தப் பதில் வந்தாலும் தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

பலசாலிக்கு ஒரு சொல்

வாண்டர்பில்ட் இன்னொரு வழியும் சொன்னார். கை மிகப் பலமாக இருந்தால், "ஒன்று கிளாவர்" என்று தொடங்குவது. கிளாவர் சீட்டு இருக்கவேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவில் அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. இத்தாலிக்காரர்கள் அந்த வழியில் சென்று, தங்களுக்கென்று முறைகள் வகுத்தார்கள். அவர்களுடைய 'நீல அணி', 1957 முதல் 1969 வரை உலகக் கோப்பையான 'பெர்முடா பவுல்' போட்டியில் பத்துத் தடவை வென்றது!

சீனாவில் பிறந்த சி.சி.வெய் என்ற கப்பல் வியாபாரி, இதையே எளிமை ஆக்கினார். 16 புள்ளியும் அதற்கு மேலும் இருந்தால், "ஒன்று கிளாவர்". வேறு எதைச் சொன்னாலும், பெரும்பாலும் அதற்குக் கீழேதான். எனவே, முதல் சொல்லிலேயே கூட்டாளியின் எல்லை தெரிந்துவிடும். அந்த முறையில் ஆடிய தைவான் அணி, 1969-ல் இறுதிப் போட்டிவரை சென்று உலகத்தை வியக்க வைத்தது.

ரகசியம் கூடாது

"அப்படியானால், எதிரிக்குப் புரியாத பாஷையாகப் பேசிக்கொள்ளலாமே!" என்று தோன்றலாம்.

கூடாது! இதுதான் இந்த ஆட்டத்தின் தர்மம். "உங்கள் கூட்டாளி சொன்னதற்கு என்ன பொருள்?" என்று கேட்க எதிரிக்கு உரிமை உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும். சீட்டு ரகசியம், பாஷை ரகசியம் அல்ல.

1965-ல் பியூனோஸ் அயர்ஸ் நகரில் உலகப் போட்டி நடந்தது. பிரிட்டிஷ் ஆட்டக்காரர் இருவர், சீட்டைப் பிடிக்கும் விரல்களால் சைகை செய்ததாகப் புகார் எழுந்தது. குற்றம் உண்மை என்றது உலக சங்கம். மறு ஆண்டு லண்டனில் நடந்த விசாரணையோ, நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது.

1975 உலகப் போட்டியில், கூட்டாளிகளுக்கு நடுவே திரை கட்டிவிட்டார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இப்போது பெரிய போட்டிகளில் வாயாலும் கேட்பதில்லை. ஏலச்சொல் அச்சிட்ட அட்டையை எடுத்து வைக்கிறார்கள். குரலில்கூடச் சேதி போகக்கூடாது அல்லவா!

வல்லுநர்களுக்குள்ளும் சண்டை

கல்பர்ட்சன் 1929-ல் தொடங்கிய 'பிரிட்ஜ் வேர்ல்டு' பத்திரிகையில், ஏலக் கணக்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு கையைக் கொடுத்து, "என்ன சொல்வீர்கள்?" என்று வல்லுநர்களைக் கேட்பார்கள். ஒருவர் "பாஸ்" என்பார். இன்னொருவர் "டபிள்" என்பார். மூன்றாமவர் கேமே கேட்பார்! அதிகம் பேர் சொன்ன விடைக்குப் பெரும்பாலும் 100 மதிப்பெண். மற்றவற்றுக்கும் தகுதிக்கு ஏற்ப உண்டு.

ஒரே கைக்குப் பல விடை எப்படி? ஒவ்வொரு முறையிலும் ஒவ்வொரு சொல்லுக்கு ஒவ்வொரு பொருள். அதோடு, துணிவும் எச்சரிக்கையும் ஆளுக்கு ஆள் வேறு. இப்போது கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை சீட்டுப் போட்டு, எந்த விடை அதிகம் பலிக்கிறது என்று சோதிக்கிறார்கள். ஆனாலும் சண்டை ஓயவில்லை!

தங்கம் வென்ற ஜோடி

2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஜோடிப் பிரிவில், இந்தியாவின் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் இருவரும் தங்கம் வென்றார்கள். பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56!

இந்த ஆட்டத்துக்கு உடல் வலு வேண்டாம். பணம் வைத்து ஆடவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு கட்டுச் சீட்டும், நாலு பேரும் போதும்.

தொடங்குகிறவர்கள் பெரிய பெரிய முறைகளைத் தேடி ஓட வேண்டாம். 40 புள்ளிக் கணக்கு, இரண்டு கிளாவர் கேள்வி, ஏஸ் கேள்வி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டாளிக்கு ஒரு பிரதி கொடுங்கள். எதிரில் ஆடுபவர்கள் கேட்டால், அவர்களிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்!