வாட் குறைந்தால் விசிறி அடங்கும்

கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கிணற்று மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்காவது தண்ணீரை மேலே ஏற்றுவதில் போகும். கணினிக்கு ஏற்றவோ இறக்கவோ எதுவும் இல்லை. ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டாலும் சரி, சும்மா திறந்து கிடந்தாலும் சரி, 60 வாட் உள்ளே போனால் 60 வாட்டும் சூடாகி அறைக்குள் இறங்கிவிடும். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் விசிறி. கணினி போடும் இரைச்சலில் பெரும்பங்கு அந்த விசிறியுடையது.

ஆகவே, கடைக்கோ அலுவலகத்துக்கோ சிறியதாக, சத்தமில்லாததாக ஒரு கணினியைப் பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்க்க நினைப்பவர் முதலில் போட வேண்டியது வாட் கணக்கு. ரூபாய் கணக்கு அதற்குப் பின்னால்தான். கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வெள்ளாற்றுக்கு அருகில், விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் ரயில் பாதையில் இருக்கும் பெண்ணாடத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெயில், தூசி, கரண்ட் மூன்றும் சேர்ந்து கணினியைச் சோதிக்கிற ஊர் அது.

ஐந்து லிட்டர் காற்று

ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடேற்றச் சுமார் 1,200 ஜூல் வேண்டும். 65 வாட் வெப்பத்தை, வெளியே போகும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாதபடி வெளியேற்ற வேண்டுமென்றால், நொடிக்கு 5 லிட்டருக்குச் சற்று அதிகமான காற்றைக் கேபினெட்டுக்குள் ஓட்டியாக வேண்டும். 35 வாட் என்றால் 3 லிட்டர் போதும். 10 வாட் என்றால் ஒரு லிட்டர்கூட வேண்டாம். அந்த அளவுக்குச் சூடான காற்று தானாக மேலே எழும்புவதே போதும், விசிறியே தேவைப்படாது.

அடுத்தது விசிறியின் அளவு. 12 செ.மீ. விசிறியின் முகப்பரப்பு 4 செ.மீ. விசிறியைப்போல் 9 மடங்கு. சின்ன விசிறி அதே காற்றைத் தள்ள வேண்டுமானால் பல மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும்; ஆனால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் கேட்கும். சத்தத்தின் சுருதியும் மாறும். 7 இதழ் விசிறி நிமிடத்துக்கு 1,000 சுற்றில் எழுப்புவது 120 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த முனகல். அதே 7 இதழ் 10,000 சுற்றில் 1,200 ஹெர்ட்ஸில் கீச்சிடும். மனிதக் காதுக்கு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் கூர்மை அதிகம்; அந்தப் பக்கம் ஏற ஏற எரிச்சலும் ஏறும்.

இங்கேதான் சிக்கல். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும் என்றால் விசிறியும் சிறியதாகும். சிறிய விசிறி கத்தும். சிறியது, அமைதியானது என்று இரண்டையும் ஒரே பெட்டியில் கேட்டால், விட்டுக்கொடுக்க மிஞ்சுவது வாட் ஒன்றுதான்.

அதைக் குறைக்காமல் விசிறியை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1980-ல் வந்த ‘ஆப்பிள் 3’ உதாரணம். அலுவலகங்களுக்கென்றே செய்த இயந்திரம் அது. விசிறி கூடவே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக நின்றார். சூட்டில் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து நெகிழ்ந்தன என்ற புகார் எழுந்தது. தொடக்கத்தில் விற்ற ஆயிரக்கணக்கான இயந்திரங்களை நிறுவனம் மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

குளிர்நாட்டுச் சோதனையும் பெண்ணாடத்து மே மாதமும்

இணையத்தில் ‘சத்தமே இல்லை’ என்று பாராட்டு வாங்கிய கணினி நம்மூருக்கு வந்ததும் ஏன் இரைகிறது? பல புராசஸர்கள் 100 டிகிரியை எல்லையாக வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. அதைத் தொட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோதனை நடக்கும் அறை 24 டிகிரி என்றால் எல்லைவரை 76 டிகிரி இடைவெளி இருக்கிறது. மே மாதத்தில், ஏ.சி. இல்லாத அறை 40 டிகிரியைத் தொடும்போது அந்த இடைவெளி 60 டிகிரிதான். புராசஸரின் சூட்டை வாங்கிக் கடத்தும் அதே ஹீட் சிங்க், அதே விசிறி. ஆனால் கடத்தக்கூடிய வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் விசிறி மூச்சு வாங்குகிறது.

எவ்வளவு அமைதி வேண்டும் என்பதற்கும் நம்மூர் அளவுகோல் ஒன்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் அனுமதிப்பது 65 டெசிபல். லாரி ஹாரன் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். அறைக்குள் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே கேட்காத கணினி, நம் காதுக்கு ஓடாத கணினிதான். ஒலிப்பதிவுக் கூடத்துக்குரிய நிசப்தத்துக்காக விலை உயர்ந்த விசிறிகளில் பணம் போட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம்: ஒரே மாதிரி இரண்டு விசிறிகள் ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். வேகமாக ஓடும் ஒரு விசிறியைவிட மெதுவாக ஓடும் இரண்டு விசிறிகள் நல்லது.

தூசி, உப்பு, சாம்பிராணி

65 வாட் கணினி நாளுக்கு 10 மணி நேரம் அதே சூட்டில் ஓடினால், நொடிக்கு 5 லிட்டர் என்ற கணக்கில் 180 கன மீட்டருக்கு மேல் காற்று அதன் வயிற்றுக்குள் போய்வரும். 10 அடிக்கு 12 அடி அறையில் இருக்கும் காற்று மொத்தம் 34 கன மீட்டர்தான். அறைக் காற்று முழுவதையும் ஒரே நாளில் ஐந்து தடவை வடிகட்டி, அதிலுள்ள தூசியை ஹீட் சிங்கின் இடுக்குகளில் படிய வைக்கிறது கணினி. 10 வாட் கணினி ஒரு தடவைகூட முழுதாக வடிகட்டாது. வாட் குறைந்தால் சத்தத்தோடு தூசியும் குறைகிறது.

வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கிடந்த கடலின் அடியில் உருவான கல் அது. சுரங்கமும் ஆலையும் லாரியும் இருக்கும் பக்கத்தில் அதன் மாவு காற்றில் கலக்காமல் இருக்காது. அந்த மாவு படிந்த ஹீட் சிங்குக்கும் போர்வை போர்த்திய ஹீட் சிங்குக்கும் அதிக வித்தியாசம் இல்லை. போதாததற்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி. புகையில் உள்ள பிசுக்கு இதழ்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தூசி துடைத்தாலும் போகாது. சாமி படத்துக்கு நேர் கீழே கேபினெட்டை வைக்காமல் இருப்பதே பாதிப் பராமரிப்பு.

கடலூர், சிதம்பரம் பக்கம் வந்தால் எதிரி உப்பு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், மதர்போர்டில் படிந்த சமையல் உப்புத் துகள் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். ஓடும் கணினி உள்ளே சற்றுச் சூடாக இருப்பதால் அதனுள் ஈரப்பதம் குறைவு. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்து வைப்பதுதான் கெடுதல். சூட்டைத் தேடி, கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் நுழையும் பல்லிக்கும் எறும்புக்கும் வழி விடாத கண்ணி வலையும் வேண்டும்.

கணக்கு அலுவலகமும் எடை மேடையும்

திட்டம் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கணக்கு எழுதும் அலுவலகம். டேலி, ஜி.எஸ்.டி. இணையதளம், பி.டி.எஃப்., பிரிண்ட், இவ்வளவுதான் வேலை. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கெடுவான மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது கணினி திணறுவதுபோல் தோன்றும். உண்மையில் அது இணையதளம் பதில் சொல்லக் காத்திருக்கிறது. புராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. இதற்கு 65 வாட் புராசஸர் வேண்டாம். இன்டெல்லில் எண்ணுக்குப் பின் ‘டி’ எழுத்தும், ஏ.எம்.டி.யில் ‘ஜி.இ.’ எழுத்துகளும் உள்ள 35 வாட் ரகங்கள் தாராளம். அந்த 35 என்பது அடிப்படை அளவு. அவசரத்தில் கூடுதலாக இழுக்கும். பயாஸில் உச்சவரம்பு வைத்துவிட்டால் அடங்கிவிடும். 2001-ல் தைவானின் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய 17 செ.மீ. சதுர ‘மினி ஐ.டி.எக்ஸ்.’ மதர்போர்டு இதற்குப் பொருத்தம். அதன் மேல் மெதுவாக ஓடும் 12 செ.மீ. விசிறி ஒன்று. காற்று உள்ளே வரும் பக்கம் மட்டும் கழற்றிக் கழுவும் வலை. விசிறி உள்நோக்கித் தள்ளும்படி இருந்தால் மற்ற இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும், தூசி நுழையாது.

இரண்டாவது, எடை மேடை. நான்கு பேர் நின்றால் நெருக்கும் அறை, வாசலில் லாரி, நாள் முழுக்கப் புழுதி. செய்ய வேண்டியது எடையைப் படித்து ரசீது அடிப்பது மட்டும். இங்கே விசிறியே கூடாது. 2023-ல் வந்த இன்டெல் என்100 போன்ற புராசஸரின் பெயரளவு 6 வாட். இயந்திரம் முழுவதும் சாதாரண வேலையில் 10 வாட் அளவிலும், முழு வேகத்தில் 20, 25 வாட் வரையிலும் இழுக்கும். விசிறி இல்லாமல் தாங்குமா? நிற்கும் காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பு, தன் சூடு அறையைவிட ஒரு டிகிரி கூடும்போதெல்லாம், தோராயமாக 10 வாட் கடத்தும். பெட்டியின் மேல் 20 டிகிரி வரை கூடலாம் என்று விட்டால், 15 வாட்டுக்கு 750 சதுர செ.மீ. பரப்பு போதும். 18 செ.மீ. நீள அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள அலுமினியப் பெட்டிக்கு மொத்தப் பரப்பு சுமார் 1,000 சதுர செ.மீ. ஆகவே தாங்கும். மே மாதத்தில் பெட்டியின் தோல் 60 டிகிரியைத் தொடும். கை வைத்தால் சுடும், ஆனால் வேலை நடக்கும். 65 வாட்டுக்கு இதே கணக்கில் 3,250 சதுர செ.மீ. வேண்டும். அது மேசைமேல் அடங்காது.

எடை காட்டும் கருவியும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் கேட்பது பழைய ஆர்.எஸ்.232, பேரலல் இணைப்புகளை. புதிய சின்னப் பெட்டிகள் பலவற்றில் இவை இருப்பதில்லை. 2013 வாக்கில் 10 செ.மீ. பலகையோடு ‘நக்’ பெட்டிகளை விற்கத் தொடங்கிய இன்டெல், 2023-ல் அவற்றை ஏசுஸ் கையில் கொடுத்துவிட்டு விலகியது. அத்தகைய பெட்டிகளில் மதர்போர்டு போனால் எல்லாம் போனதுபோலத்தான். ஆர்.எஸ்.232-க்கான காம் போர்ட் இருக்கிறதா என்று பார்த்துப் பொதுவான அளவு மதர்போர்டு வாங்கினால், விருத்தாசலத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கிற பாகத்தை வைத்து மீண்டும் ஓட்டலாம். சொந்தமாகச் சேர்ப்பதன் பெரிய லாபம் இதுதான்.

இரண்டு இடத்துக்கும் பொதுவானது சேமிப்பு. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிரும். மரமேசை அதை வாங்கிப் பெரிதாக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசைகிற பாகமே இல்லை.

கரண்ட் போனால்

சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. மாற்றத்தில் இழப்பதுபோக மிஞ்சுவது இன்னும் குறைவு. மானிட்டரோடு சேர்த்து 150 வாட் இழுக்கும் பழைய கணினி, சேமித்து அணைக்க அவகாசம் தந்தாலே பெரிது. இரண்டும் சேர்ந்து 40 வாட்டில் நின்றால், புது பேட்டரியில் அரை மணிக்கு மேல் வேலையைத் தொடரலாம். 19 வோல்ட் அடாப்டரில் ஓடும் மதர்போர்டு என்றால் எஸ்.எம்.பி.எஸ். விசிறியும் போய்விடும். மின்கட்டணத்திலும் பலன் உண்டு: 60 வாட்டுக்குப் பதில் 15 வாட், ஆண்டுக்கு 3,000 மணி நேரம் என்றால் 135 யூனிட் மிச்சம்.

இதே வழியில் சிந்தித்து வென்ற இயந்திரம் ஒன்று தமிழ்நாட்டிலேயே பிறந்திருக்கிறது. சென்னையின் வோர்டெக்ஸ் என்ஜினியரிங், ஐ.ஐ.டி. மெட்ராஸின் துணையோடு கிராமங்களுக்காக ‘கிராமடெல்லர்’ என்ற ஏ.டி.எம்.மை உருவாக்கியது. வழக்கமான ஏ.டி.எம்.முக்குக் குளிர்சாதனம் வேண்டும். அதற்கே மின்சாரம் தீரும். இவர்கள் பெரிய ஏ.சி.யைத் தேடவில்லை. நோட்டு ஈர்ப்பு விசையில் கீழே இறங்கும்படி அமைத்து மோட்டார் வேலையைக் குறைத்தார்கள். சூடு குறைந்தது, ஏ.சி. தேவையற்றுப்போனது, சூரியத் தகட்டிலும் ஓடியது. பாரத ஸ்டேட் வங்கி நூற்றுக்கணக்கில் வாங்கியது.

கணினி சேர்த்துத் தரும் கடையில் கொட்டேஷன் கேட்டால் பாகம், மாடல், விலை என்று மூன்று பத்தி எழுதித் தருவார்கள். நான்காவதாக வாட் என்று ஒரு பத்தி போடச் சொல்லுங்கள். எடை மேடைக்கு அதன் கூட்டுத்தொகை 25-ஐத் தாண்டினாலும், கணக்கு அலுவலகத்துக்கு 65-ஐத் தாண்டினாலும், எந்தப் பாகம் அதை ஏற்றியது, உங்கள் வேலைக்கு அது எதற்கு என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் வாங்கலாம். ‘இருக்கட்டும் சார், பின்னாடி உதவும்’ என்பது பதிலாக வந்தால், அந்தப் பாகத்தை அடித்துவிடலாம்.