திருத்தும் கையும் மின்னூலின் நம்பகமும்

செவ்வியல் நூல் ஒன்றின் பாடம், அதாவது ஆசிரியர் இயற்றிய சொல்வடிவம், மாறாமல் வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர்களுள் ஒருவர், அருப்புக்கோட்டையை அடுத்த கரிசல் நிலத்துப் பாலவநத்தத்தின் ஜமீன்தாரும் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர். அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதாகிய எதுகை சில குறள்களில் அமையாததைப் பிழையெனக் கருதிய ஸ்காட் என்னும் ஆங்கிலேயர், தாமே சொற்களை மாற்றித் திருக்குறளை அச்சிட்டபோது, தேவர் அப்படிகளை விலைகொடுத்து வாங்கி அழித்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அச்சுப் படிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் அது இயன்றது. இணையத்தில் ஏறிய பாடமோ நொடியில் பலவிடங்களுக்குப் படியெடுக்கப்படுவதால், அதை எவராலும் முழுமையாகத் திரும்பப் பெற இயலாது.

மின்பதிப்பில் நேரும் பிழைகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, கை தவறியோ கருவி தவறியோ நேர்வது. பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளை இனங்காணும் மென்பொருள், துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் படிக்கிறது. ‘கௌவை’ என்னும் சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சு செய்தால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் தேடும்போது அச்சொல் அகப்படுவதில்லை. இரண்டாம் வகை, பாடத்தைச் சரிசெய்வதாக எண்ணிச் செய்யும் மாற்றம். 55ஆம் குறளில் வரும் ‘தொழாஅள்’ என்னும் சொல்லிலுள்ள அகரம், ஓசை குறையாதிருக்க நெடிலை நீட்டும் அளபெடை. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளோ விவரமறியாத ஒருவரோ அதை நீக்கி ‘தொழாள்’ என்றாக்கினால், ஈரசைச் சீர் ஓரசையாகக் குறுகி வெண்பாவின் தளை கெடுகிறது. முதல்வகைப் பிழை பெரும்பாலும் பொருள் தராமல் நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இரண்டாம் வகையோ படிப்பதற்குச் செம்மையாக இருப்பதனாலேயே எவருடைய ஐயத்துக்கும் இடமாகாமல் நிலைத்துவிடுகிறது. ஆகவே தவறும் கையைவிடத் திருத்தும் கையே மிகுதியாக அஞ்சத்தக்கது.

பதிப்பாசிரியரும் திருத்துபவரே எனினும், அவர் தம் முடிவுக்குச் சான்று வைக்கிறார். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடப்படாமலும், எகர ஏகார வேறுபாடு காட்டப்படாமலும் இருந்ததால், ஒரு சொல்லைப் பலவாறு படிக்க இடமிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். பாட வேறுபாடுகளைக் குறித்துவைக்கும் அவருடைய பதிப்புமுறை, முடிவை மீண்டும் ஆராயும் உரிமையைப் பின்வருவோருக்கு வழங்கியது.

இந்நெறியைப் பின்பற்றும் மின்பதிப்புகளும் உள்ளன. சுந்தரர் திருச்சுழியல் என்னும் பெயரில் பாடிய திருச்சுழித் தலத்தின் பதிகத்தைத் திரையில் படிக்க விரும்புவோர், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மின்தேவாரத்தை நாடலாம்; அது தி.வே. கோபாலையர் அந்நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட அச்சுப்பதிப்பைத் தழுவியது என்பதால், அதன் பாடத்தை மூலத்தோடு ஒப்பிட இயலும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தட்டச்சு செய்தவர் பெயரையும் மெய்ப்புப் பார்த்தவர், அதாவது பிழை நோக்கிச் சரிபார்த்தவர் பெயரையும் கோப்பின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறது.

எனவே மின்னூலைத் திறப்பவர் முதலில் காண வேண்டியது, எந்தப் பதிப்பாசிரியரின் எந்த ஆண்டுப் பதிப்பு அதற்கு அடிப்படை என்னும் குறிப்பையே. அக்குறிப்பு இல்லாத பாடம் அன்றாட வாசிப்புக்கு உதவலாம். மேற்கோளுக்கும் பாடநூலுக்கும் உதவாது. ஐயம் எழும் இடத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய அச்சுநூல்களின் பக்கப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இன்று சிற்றூர் மாணவருக்கும் கிடைத்திருக்கிறது. கண்ட பிழையை வெளியிட்டோருக்கு எழுதித் தெரிவித்தால், அச்சில் மறுபதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய திருத்தம் மின்பதிப்பில் உடனே நிறைவேறும். பாலவநத்தத்தார் தம் பொருளைச் செலவிட்டுச் செய்த காவலை, வாசகர் ஒவ்வொருவரும் தம் கவனத்தைச் செலவிட்டுச் செய்தாக வேண்டிய காலம் இது.