கருவி பொய் சொல்லுமா?

1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆந் திகதி, திங்கட்கிழமைக் காலை. சுவீடன் தேசத்தின் கிழக்குக் கரையிலுள்ள ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் பணிபுரிந்த கிளிஃப் ரொபின்சன் என்னும் இரசாயனவியலாளர், காலை உணவை முடித்துக்கொண்டு பல் துலக்கச் சென்றார். வழியில், உடம்பில் கதிரியக்கத் தூசி படிந்துள்ளதா என்று சோதிக்கும் கருவி ஒன்றைக் கடந்தாக வேண்டும். அவர் கடந்தபோது அபாய ஒலி எழுந்தது. அவர் வியப்புற்றார். ஏனெனில், அன்று அவர் அணுவுலை இருக்கும் பகுதிக்குள் அடியெடுத்து வைத்திருக்கவேயில்லை. கருவியிலேதான் ஏதோ கோளாறு என்ற எண்ணமே முதலில் தோன்றியது.

சற்று நேரத்தின் பின்னர் அவர் அங்கு மீண்டும் வந்தபோது, தொழிலாளர் பலர் வரிசையாக நின்றுகொண்டிருந்தனர். ஒருவராலும் அக்கருவியைக் கடக்க முடியவில்லை. எல்லோருக்கும் அது ஓலமிட்டது. ரொபின்சன் ஒருவருடைய சப்பாத்தைக் கழற்றி வாங்கி, ஆய்வுகூடத்திற்கு எடுத்துச் சென்று, அங்கிருந்த வேறொரு நுண்ணிய கருவியின்மீது வைத்தார். அக்கருவி காட்டிய பொருட்கள் அந்நிலையத்தில் வழக்கமாகக் காணப்படுவன அல்ல. எங்கோ அணுகுண்டு வெடித்துவிட்டதோ என்று அவர் அஞ்சினார்.

நடந்தது என்னவென்பதை இன்று உலகம் அறியும். இரண்டு நாட்களுக்கு முன்னர், ஏப்ரல் 26ஆந் திகதி அதிகாலையில், ஏறத்தாழ 1,100 கிலோமீற்றருக்கு அப்பால், உக்ரேன் நாட்டிலுள்ள செர்னோபில் நிலையத்தின் நான்காவது உலை வெடித்திருந்தது. காற்றோடு வந்த நஞ்சு மழையோடு இறங்கிப் புல்லில் படிந்து, தொழிலாளரின் சப்பாத்துக்களில் ஒட்டிக்கொண்டு நிலையத்திற்குள் நுழைந்தது. பழுது கருவியிலும் இல்லை, ஃபோர்ஸ்மார்க் உலையிலும் இல்லை. வந்து படிந்த பொருட்கள் கலந்திருந்த விகிதத்தைக் கொண்டு, அவை குண்டிலிருந்து அல்ல, உலையிலிருந்தே வந்தன என்பதைச் சுவீடன் விஞ்ஞானிகள் உணர்ந்தார்கள். அன்றிரவே சோவியத் அரசாங்கம் விபத்து நிகழ்ந்ததை அறிவித்தது.

பழுதென்று எண்ணப்பட்ட ஒரு கருவி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயினும், கருவிகள் பழுதடைவதேயில்லை என்று கொள்ளலாமா? அதுவும் இல்லை. அவ்வாறாயின், கருவி சொல்வது மெய்யா பொய்யா என்று அறிவது எங்ஙனம்? இதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

எண்ணியின் இயல்பு

கதிரியக்கத்தை நம் ஐம்புலன்களுள் எதனாலும் அறிய முடியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. சுடுவதுமில்லை. ஆகவே, கருவியொன்றே நமக்குக் கண்ணும் காதும் ஆகின்றது. அக்கருவிகளுள் பலரும் அறிந்தது கைகர் எண்ணி. 1908ஆம் ஆண்டில் ஹான்ஸ் கைகர், ரதபோர்ட் ஆகிய இருவரும் அதன் முதல் வடிவத்தை அமைத்தனர். 1928இல் கைகரும் அவருடைய மாணாக்கர் முல்லரும் அதனைச் செம்மைப்படுத்தினர்.

அதன் அமைப்பு எளியது. ஒரு குழாய், அதனுள் குறைந்த அமுக்கத்தில் ஒரு வாயு, நடுவே மெல்லிய கம்பி, கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே பல நூறு வோல்ற்று மின்னழுத்தம். கதிரொன்று உள்ளே புகுந்து வாயுவின் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிரித்துவிட்டால், அந்த இலத்திரன் கம்பியை நோக்கி விரைந்தோடும். ஓடும் வழியில் மோதி மேலும் பல இலத்திரன்களைப் பிரிக்கும். கல்லொன்று உருண்டு மலைச்சரிவாக மாறுவதுபோல, ஒரு கணத்தில் மின்துடிப்பு ஒன்று பிறக்கும். அத்துடிப்பே 'டிக்' என்று நம் காதில் விழுகின்றது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதிரியக்கப் பொருள் எதனையும் அருகில் வையாதபோதும் எண்ணி இடையிடையே 'டிக்' என்று ஒலிக்கும். மண்ணிலும் கல்லிலும் காற்றிலும், விண்ணிலிருந்து வரும் கதிர்களிலும், இயற்கையாகவே சிறிதளவு கதிரியக்கம் உண்டு. இதனைப் பின்னணி எண்ணிக்கை என்பர். ஆகவே, முழு மௌனம் சாதிக்கும் எண்ணி நல்ல எண்ணி அன்று. அது இறந்த எண்ணி.

புலி வருகிறது!

'புலி வருகிறது, புலி வருகிறது' என்று பொய்யாகக் கூவிய இடைச்சிறுவன் கதையை நாம் எல்லோரும் சிறு வயதிற் கேட்டிருக்கின்றோம். கருவிகளும் சில வேளைகளில் அச்சிறுவனைப் போல நடப்பதுண்டு. இணைப்புக்களில் ஈரம் புகுந்தால் மின் கசிந்து பொய்த் துடிப்புக்கள் எழும். அருகே உருக்கியொட்டும் வேலை நடந்தாலும், பெரிய மின்மோட்டர் ஓடத் தொடங்கினாலும், அவற்றின் மின்னதிர்வைக் கருவி கதிரென்று எண்ணிவிடும். முன்பு அளந்த தூசி கருவியின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டால், அது எங்கு சென்றாலும் அபாயம் என்றே சொல்லும்.

இன்னுமொரு விந்தை உண்டு. நிலத்திலிருந்து வெளிவரும் றேடன் என்னும் வாயுவின் வழித்தோன்றல்கள், செயற்கை நூலாலான ஆடைகளில் ஏறும் நிலைமின்னால் ஈர்க்கப்பட்டு அவற்றில் ஒட்டிக்கொள்வதுண்டு. அவ்வாடை அணிந்தவர் வந்தால் கருவி ஒலிக்கும். கருவியிற் பிழையில்லை, உலையிலிருந்தும் எதுவும் கசியவில்லை. இதனை அறிய அணுமின் நிலையத்தார் கையாளும் வழி எளியது. அவரைச் சிறிது நேரம் காத்திருக்கச் செய்து மறுபடி அளப்பார்கள். றேடனின் வழித்தோன்றல்கள் அரை மணித்தியாலத்திற்குள் பாதியாகத் தேய்ந்துவிடும். உலையிலிருந்து வந்த தூசியோ, பெரும்பாலும், அவ்வளவு விரைவில் குறையாது.

ஆனால், றேடனையும் எளிதாகத் தள்ளிவிடலாகாது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள லிமரிக் அணுமின் நிலையத்தில் ஒரு பொறியியலாளர் சோதனைக் கருவியைக் கடக்குந்தோறும் அபாய ஒலி எழுந்தது. அந்நிலையம் அப்போது மின் உற்பத்தி செய்யத் தொடங்கியிருக்கவில்லை. அவருடைய உடையில் அவ்வளவு கதிரியக்கம் எங்கிருந்து வந்தது? ஒருநாள் அவர் வேலைக்கு வந்தவுடன், வேறெங்கும் செல்லாது நேரே கருவியிற் போய் நின்றார். அப்போதும் அது ஒலித்தது! எனவே, அவர் அதனை நிலையத்திலிருந்து வெளியே கொண்டுபோகவில்லை. வீட்டிலிருந்தே உள்ளே கொண்டு வந்திருக்கின்றார்.

வீட்டைச் சோதித்தபோது, ஒரு லீற்றர் காற்றில் சுமார் 2,700 பிக்கோகியூரி அளவில் றேடன் இருக்கக் கண்டனர். 4 பிக்கோகியூரியை எட்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் பின்னர் கூறிய அளவு. யுரேனியம் செறிந்த பாறை நிலத்தின்மேல் அவ்வீடு அமைந்திருந்தது. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாகச் சுவாசப்பைப் புற்றுநோயை விளைவிப்பது றேடனே என்பர். குடும்பத்தினர் வீட்டை விட்டு நீங்கி, அது சீர்செய்யப்பட்ட பின்னரே திரும்பினர். கருவியைப் பழுதென்று கூறி அணைத்துவிட்டிருந்தால், அவர்கள் அந்த நச்சுக் காற்றையே நாள்தோறும் சுவாசித்துக்கொண்டிருந்திருப்பர்.

குரையாத நாய்

பொய்யாகக் கூவும் கருவியைவிடக் கொடியது, கூவ வேண்டிய வேளையிற் கூவாத கருவி. கள்வன் வரும்போது உறங்கும் காவல்நாய் அது.

கைகர் எண்ணி ஒரு துடிப்பைத் தந்தபின், மறு துடிப்புக்கு ஆயத்தமாவதற்குச் செக்கனில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஓய்வு கொள்ளும். கதிர்கள் மிதமாக வருமிடத்து இதனாற் கேடில்லை. ஆனால் வெள்ளம்போல வரும்போது, ஓய்வு கொள்ளவே நேரமின்றிச் சில எண்ணிகள் திணறி, எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும், சுழியத்தைக் காட்டுவதுமுண்டு. மிகப் பெரிய ஆபத்தின் நடுவே 'ஒன்றுமில்லை' என்று அது சொல்லும்! இக்காரணத்தினாலேயே, ஐயத்துக்குரிய இடத்தை அணுகுவோர் தூரத்திலேயே கருவியை இயக்கி, அளவு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும் என்பர்.

செர்னோபிலில் நடந்தது இதனைப் போன்ற மற்றொரு பிழை. விபத்து நிகழ்ந்த இரவில் அங்கிருந்தோர் கையில் அகப்பட்ட அளவுமானிகள் மணிக்கு 3.6 ரொன்ட்ஜனுக்கு மேற் காட்டமாட்டா. பெரிய அளவுகளைக் காட்டவல்லவை உடனே பயன்படும் நிலையில் இருக்கவில்லை. ஊசி எல்லையில் முட்டி நின்றது. 'எல்லையைக் கடந்துவிட்டது' என்று கொள்ள வேண்டியதை 'எல்லையளவே உள்ளது' என்று கொண்டனர். 3.6 என்ற எண்ணே மேலிடத்துக்கும் சென்றது. உண்மையிலோ, சிதறிக் கிடந்த உலைத் துண்டுகளின் அருகே அளவு ஆயிரக்கணக்கில் இருந்தது. அன்றிரவு பணியாற்றிய நிலையத்தாரிலும் தீயணைப்போரிலும் 28 பேர், கடுங் கதிர்நோயால் விபத்தை அடுத்த சில மாதங்களிலேயே மாண்டனர். அவர்களுட் பலர் தாம் நிற்குமிடம் எத்தகையது என்பதை அறியாமலே நின்றவர்கள்.

பழுது நாடும் முறை

நோயையும், நோயின் காரணத்தையும், அது தணியும் வழியையும் ஒழுங்காக ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை விதித்தார். கருவிக்கு மருத்துவம் பார்ப்பவரும் அம்முறையையே பின்பற்றுகின்றனர்.

முதலாவது, கருவி ஒலித்தால், பழுதென்று நிலைநாட்டும்வரை அதனை மெய்யென்றே கொண்டு மனிதரை அப்புறப்படுத்துவது. ஆராய்ச்சி அதன் பின்னரே. இரண்டாவது, வேறொரு கருவியால் அதே இடத்தை அளப்பது. ரொபின்சன் சப்பாத்தைக் கொண்டு செய்தது இதுவே. மூன்றாவது, பற்றரியும் மின்னழுத்தமும் முறையாக உள்ளனவா என்று பார்ப்பது. நான்காவது, பின்னணி எண்ணிக்கை வழமையான அளவில் உள்ளதா என்று நோக்குவது. ஐந்தாவது, அளவு தெரிந்த சிறியதொரு கதிரியக்கப் பொருளை அருகில் வைத்து, எதிர்பார்த்த எண் வருகின்றதா என்று காண்பது. அதன் பின்னரும் ஐயம் தீராவிடின், குழாய், இணைப்புக் கம்பி, எண்ணும் பகுதி ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் குற்றவாளி எது என்பது தெரியாமற் போய்விடும்.

மாணவர்களுக்கு உவப்பான சோதனை இன்னொன்றும் உண்டு. கதிரியக்கம் ஒழுங்கற்றுத் தற்செயலாக நிகழ்வது. சராசரியாக நூறு எண்ணிக்கை வருமிடத்து, ஒருமுறை 92, மறுமுறை 107 என ஏறத்தாழப் பத்தளவு கூடியும் குறைந்தும் வருவதே இயல்பு. ஒவ்வொரு முறையும் சரியாக நூறு என்றே ஒரு கருவி சொல்லுமாயின், அது எண்ணுவது கதிரை அன்று, உள்ளேயுள்ள மின்பழுதையே. சிறிதும் தடுமாறாத சாட்சியை நீதிபதி ஐயுறுவதுபோல நாமும் அதனை ஐயுற வேண்டும்.

ஆய்வுகூடத்தில் நம் மாணவர் பலரிடம் ஒரு வழக்கத்தைக் காண்கின்றோம். புத்தகத்திலுள்ள விடை வந்தால், கருவி நல்லது. வாராவிட்டால், கருவி பிழை. சிலர் எண்ணையே திருத்தி எழுதிவிடுவர். பரீட்சைத் தாளில் அது சிறு தவறு போலத் தோன்றும். ஆனால் நாளை அம்மாணவனே மருத்துவமனையிலோ மின்நிலையத்திலோ ஓர் ஊசியின் முன் நிற்கப்போகின்றான். அப்போது, விரும்பாத எண்ணைக் கண்டு முகத்தைத் திருப்பாமலும், விரும்பிய எண்ணைக் கண்டு மயங்காமலும், 'இது மெய்தானா?' என்று இன்னொரு முறை அளந்து பார்க்கும் பொறுமை அவனுக்கு வேண்டும். அப்பொறுமையை இளமையிலேயே பழக்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமே.