முதியோர் உணவும் கைப்பேசிக் கணக்கும்

முதுமை வருங்கால் பசி குறைதலும், பல் தளர்தலும், நாவின் சுவையுணர்ச்சி மங்குதலும் மக்கட்கு இயல்பு. உழைப்புச் சுருங்குதலால் உணவின் அளவு குறையலாம். ஆயினும் தசையையும் எலும்பையும் காக்கும் சத்துக்களின் தேவை குறைவதில்லை. ஆதலின், உண்ணும் சிறிதளவையும் முதியோர் தெரிந்துண்ணல் அவசியமாகின்றது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் தமிழ்நாட்டில் நூற்றுவரில் பதின்மருக்குமேல் 60 பிராயத்தை எட்டியவராவர். இன்னோர்க்குக் கைப்பேசிச் செயலிகள் எவ்வாறு உதவும் என்பதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உணவுச் செயலி என்பது ஒரு கணக்கப்பிள்ளையை ஒக்கும். ஒருவரது வயது, உயரம், எடை, உழைப்பு ஆகியவற்றை அது முதற்கண் கேட்டுக்கொள்ளும். பின்னர் அவர் உண்ட பொருளையும் அளவையும் குறிப்பின், தன்னகத்துள்ள அட்டவணையைப் பார்த்துப் புரதம், சுண்ணாம்புச் சத்து முதலியவற்றைக் கூட்டி, வேண்டிய அளவோடு ஒப்பிட்டுக் காட்டும். எனவே, செயலியின் மதிப்பெல்லாம் அதன் அட்டவணையின் மதிப்பேயாம். மேனாட்டு அட்டவணையை நம்பிய செயலி ரொட்டியை நன்கறியும். நம் களியையும் கூழையும் அறியாது.

நம் நாட்டு அட்டவணையின் பிறப்பிடம் நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியே என்பது பலர்க்கு வியப்பளிக்கும். 1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு நிலையமே பின்னர் உணவாராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்குத் தலைவராயிருந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்தளவுகளைத் தொகுத்து 1937-இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1958-இல் அந்நிலையம் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்நிறுவனம் 528 உணவுப் பொருள்களை ஆராய்ந்து 2017-இல் புதிய அட்டவணையை வெளியிட்டு, 2019-இல் 'நியூட்ரிஃபை இந்தியா நௌ' என்னும் செயலியையும் அளித்தது.

நிற்க. இக்கணக்கு நம் சேலம் நாமக்கல் சமவெளியில் என்ன காட்டுமென்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். 50 கிலோ எடையுள்ள மூதாட்டி ஒருவர் நாளொன்றுக்கு 200 கிராம் அரிசியைச் சோறாக்கி இரசம் விட்டு உண்கிறார். பல்லுக்கு எளிதென்று 100 கிராம் சவ்வரிசியைக் கஞ்சியாக்கிப் பருகுகிறார். காப்பியில் 100 மில்லி பால் சேர்கின்றது என்று கொள்வோம். வயிறு நிறைந்தது, வீட்டாரும் கவலையற்றிருந்தனர். ஆனால், கணக்கு வேறு கூறும். கிலோ எடைக்கு 0.83 கிராம் வீதம் அவருக்கு வேண்டிய புரதம் ஏறக்குறைய 41 கிராம். அரிசியால் கிடைப்பது 16, பாலால் 3. குச்சிக்கிழங்கு மாவாலாகிய சவ்வரிசியிலோ புரதம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே வேண்டியதிற் பாதியும் சேரவில்லை.

இக்குறையை நீக்கச் சீமை மருந்து வேண்டுவதில்லை. சவ்வரிசிக்கு மாறாக 100 கிராம் ராகியைக் களியாகவோ கூழாகவோ கொண்டால் 7 கிராம் புரதமும், அதனினும் மேலாக 350 மில்லிகிராம் அளவிற்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். அரிசியில் இச்சத்து 10 மில்லிகிராமும் தேறாது. அவித்த முட்டையொன்று 6 கிராம் தரும்; முட்டை உண்ணாதார் ஒரு பிடி நிலக்கடலையை அரைத்துண்ணின் அதே பயனெய்துவர். 30 கிராம் கொள்ளையோ பச்சைப்பயற்றையோ கடைந்து சேர்த்தால் ஏறக்குறைய 7 கிராம் கூடும். பற்றாக்குறை அநேகமாக நிரம்பிற்று. நாமக்கல் முட்டை கடல் கடந்து செல்கின்றது. ஆனால் பண்ணைக்கு அடுத்த வீட்டு மூதாட்டியின் கலத்தை எட்டுவதில்லை. "எனக்கெதற்கு? பிள்ளைகள் தின்னட்டும்" என்று அவரே விலக்கிவிடுகிறார்.

உப்பின் திறமும் அன்னதே. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பர் அறிஞர். நாச்சுவை மங்கிய முதியோர்க்கு ஊறுகாயும் வடகமும் அப்பளமும் இனிக்கும். அவை கொணரும் உப்பை நா அறியாது, கணக்கு அறியும்.

எனினும், செயலியின் குறைகளையும் மறைத்தலாகாது. எழுத்துச் சிறிது, மொழி பெரும்பாலும் ஆங்கிலம். ஒரு கிண்ணம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரு வீட்டுக் குழம்பு மற்றொரு வீட்டுக் குழம்பன்று. ஆதலின் விடை தோராயமேயன்றி முடிந்த முடிபன்று. நீரிழிவும் சிறுநீரக நோயுமுடையார் மருத்துவரைக் கேளாது உணவை மாற்றுதல் கேடு பயக்கும். ஈற்றில், செயலி எண்ணிக் காட்டுமேயன்றிப் பரிமாறாது.

மாணவ நண்பர்களே! இவ்விடத்தேதான் நும் உதவி வேண்டப்படுகின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் அப்புச்சியின் அருகிலும் அம்மாயியின் அருகிலும் அமர்ந்து, மூன்று நாள் அவர்கள் உண்டவற்றைக் கேட்டு நீங்களே குறித்துப் பாருங்கள். அவர்கள் கைப்பேசியைக் கற்கவேண்டுமென்பதில்லை. நீங்கள் அவர்களுடைய கலத்தைக் கற்றால் போதும். பெரியோரைக் கனம்பண்ணுதல் என்பது வணக்கஞ்சொல்லி அகல்வதன்று. அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய முட்டையை உரித்து அவர்கள் கையிற் கொடுத்தலும் அதுவேயாம்.