கணினி காட்டிய வழியும் கண் கண்ட கரையும்

சுவீடனின் விக்கன் போர் விமானம் 1971இல் சேவைக்கு வந்தது. அதில் விமானி ஒருவர்தான். வழிகாட்டும் வேலையை 'சிகே 37' என்ற கணினி பார்த்துக்கொண்டது. ஜொகூர் பாருவில் என் மேசையில் இருந்தபடி, 'டிசிஎஸ்' விளையாட்டில் அதைத்தான் ஓட்டுகிறேன்.

புறப்படும் முன் கணினியில் வழிப்புள்ளிகளைப் பதிவு செய்யவேண்டும். ஜிபிஎஸ் கிடையாது. வேகத்தையும் திசையையும் வைத்து, 'இப்போது இங்கே இருக்கிறோம்' என்று கணினியே கணக்குப் போடும். சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முதல் நாள் அதை அப்படியே நம்பினேன். கருங்கடலைத் தாண்டி மேகத்துக்குக் கீழே இறங்கினால், துறைமுகத்தைக் காணோம்!

பிறகுதான் ராடாரைப் பயன்படுத்தக் கற்றேன். கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை ராடாரில் தெளிவாகத் தெரியும். அதையே ஒரு வழிப்புள்ளியாக வைத்து, திரையிலுள்ள குறியை அதன்மேல் நகர்த்தி விசையை அழுத்தினால், கணக்கு திருந்திவிடும். ஆனால், வேறொரு முனையைத் தவறாகக் குறித்தால் மொத்தப் பாதையும் விலகிவிடும். அதனால் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அழுத்துகிறேன்.

மெர்சிங்கிலிருந்து படகேறினால் தூரத்தில் தியோமான் மலைகள் தெரியும். தென்சீனக் கடலில் பாய்மரம் விரித்தவர்களுக்கு அவைதாம் அடையாளம். கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவர்களும் கரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.