கோலாலம்பூர் – சென்னை: தூரமும் நேரமும்

ஜாசினில் ஒரு வீட்டில் தகப்பனாரின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. சென்னையிலிருக்கும் மூத்த மகன், "காலை 11 மணிக்கு விமானம்; நான்கு மணி நேரப் பயணம்" என்று தொலைபேசியில் சொல்கிறார். வீட்டாரோ பதினொன்றையும் நான்கையும் கூட்டி, பிற்பகல் 3 மணிக்கு இறங்கிவிடுவார் என்று எண்ணி, 5 மணிக்கு எடுப்பதாக முடிவு செய்கின்றனர். கூட்டலில் பிழையில்லை; ஆயினும் மகன் முகம் பார்க்க வந்து சேரமாட்டார். இதன் காரணத்தை மாணவர்க்கு விளக்குவது நம் கடமையன்றோ?

பயணச் சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரங்களாம். எடுத்துக்காட்டாக, கோலாலம்பூரில் காலை 9.00 மணிக்குக் கிளம்பும் விமானம் சென்னையில் 10.30 மணிக்கு இறங்குகிறது எனக் கொள்வோம். கழித்தால் ஒன்றரை மணி. திரும்பும் விமானம் சென்னையில் 11.00 மணிக்குக் கிளம்பி இங்கே மாலை 5.30 மணிக்கு இறங்குகிறது. கழித்தால் ஆறரை மணி. தூரம் ஒன்றே, நேரம் மட்டும் இரண்டாவது எப்படி?

இவ்விரண்டையும் கூட்டினால் 8, பாதி 4. இதுவே பயண நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 5, பாதி இரண்டரை. இதுவே இரு நாட்டுக் கடிகாரங்களின் வேறுபாடு. போகும் நேரமும் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாயின் இக்கணக்கு எந்த இரு நகரங்களுக்கும் பொருந்தும்.

இந்த இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறத்தாழ இருபத்தொன்றரைப் பாகை. எனவே சூரியன் காட்டும் வேறுபாடு ஒன்றரை மணிக்கும் சற்றுக் குறைவே. ஆனால் இந்தியக் கடிகாரம் 82½ பாகையையும், நம் கடிகாரம் 120 பாகையையும் பின்பற்றுகின்றன. இடைவெளி 37½ பாகை. நான்கால் பெருக்கினால் 150 நிமிடம். சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் அமைய வேண்டி, 1982 சனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன் நகர்த்தப்பட்டது. அதற்குமுன் சென்னையுடன் வேறுபாடு இரண்டு மணியே.

இனித் தூரம். நேர்வழியில் இது சுமார் 2,600 கிலோமீட்டர். நான்கால் வகுத்தால் மணிக்கு 650 கிலோமீட்டர் வரும். உயரத்தில் விமானம் 800 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறப்பதாயிற்றே என்று மாணவர் கேட்பர். நல்ல கேள்வி. அட்டவணை நேரம் விமானம் நிலையத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறு நிலையத்தில் நிற்பதில் முடிகிறது. தரையில் ஊர்வதும், ஏறுவதும், இறங்குவதும் அதில் அடங்கும்.

காற்றும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்கே விரைந்து வீசும் காற்றோட்டத்தை இந்திய வானிலை அறிஞர் கோட்டீசுவரம் 1958 இல் விளக்கினார். அது சென்னை செல்லும் விமானத்துக்குத் துணை. திரும்பும் விமானத்துக்குத் தடை.

'ரஜூலா' கப்பலில் வந்த நம் முன்னோர் பயணத்தை நாட்களால் எண்ணினர். இரண்டரை மணி அவர்களுக்குப் பெரிதன்று. நமக்கோ அது பெரிது. ஜாசின் வீட்டு மகன் சிப்பாங்கில் இறங்குவது 3 மணிக்கன்று, 5.30 மணிக்கு. அதன்பின் சாலைவழி ஒரு மணி நேரத்துக்கும் மேல் உண்டு. வீட்டில் கணக்கறிந்த பிள்ளை ஒன்றிருந்தால், "அண்ணன் வரட்டும், நாளை எடுப்போம்" என்று சொல்லியிருக்கும்.